சித்தி போட்ட கேமரா

போன்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று என் கடை மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொல்லாத பெரிய மனிதர் இந்தத் தெருவில் இல்லை. சொல்லி முடித்த கையோடு தன் போனை எடுத்து நீட்டுவார். "முன்பக்கக் கேமரா கொஞ்சம் மங்கலா இருக்கு, என்னன்னு பாருங்க. முகமே சரியா விழ மாட்டேங்குது." நான் வாங்கிப் பார்ப்பேன். கேமரா நன்றாகத்தான் இருக்கும். முகம்தான் அவருடையது.

பதினேழு வருஷமாகப் போன் பழுது பார்க்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாவி செய்கிறவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய இடம். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த ஸ்க்ரூடிரைவர் வேலை என்று கேட்டவர்களின் போன்கள் எல்லாம் இப்போது என் இழுப்பறையில்தான் கிடக்கின்றன. அதை விடுங்கள். என் அக்கா மகளைப் பற்றிச் சொல்ல வந்தேன். போன் பைத்தியம் பிடித்து, பரீட்சைக் கூடத்துக்குள் விடாமல் வாசலில் நிறுத்தப்பட்ட பெண் என்று அவளைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் நின்றது உண்மை. மற்றதெல்லாம் காது வைத்து மூக்கு வைத்துச் சொன்னது. நான் அங்கேயே இருந்தவள், ஆகவே நான் சொல்கிறேன்.

அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்ததும் நான்தான். பிறந்தபோது உருவம் அவ்வளவுதான் இருந்தது, சத்தம் மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்டது. என் அக்காவுக்கு அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுத்து மடிக்க வேண்டும். அவள் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அதனால் பள்ளி விட்டால் மிளகு நேராக என் கடைக்கு வந்துவிடுவாள். நான் அவளுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கு அதற்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. அவள் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து எதையாவது கழற்றுவாள். பத்து வயதில் என் மேஜை விசிறியைக் கழற்றி மறுபடி மாட்டினாள், இரண்டு ஸ்க்ரூ மிச்சம் வந்தது, விசிறி முன்னைவிட நன்றாக ஓடியது.

எங்கள் குடும்பத்தில் ஒரு மூக்கு உண்டு. எங்கள் அப்பாவினுடையது. நடுவில் ஒரு மேடு, நுனியில் ஒரு உருண்டை, ஆள் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். அக்கா எப்படியோ தப்பித்துவிட்டாள். எனக்கு வந்தது. அக்காவைத் தாண்டிக் குதித்து மிளகுக்கும் வந்தது. அவள் பிறந்த மூன்றாம் நாள் அவளுடைய அத்தை, அதாவது அக்கா கணவரின் அக்கா, பார்க்க வந்தார். குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் லட்சணமா இருக்கு. மூக்கு மட்டும் நம்ம பக்கம் வந்திருக்கலாம்" என்றார். பக்கத்தில் நான் என் மூக்கோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து எப்போது வந்தாலும் அந்தப் பெண்ணின் மூக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுத்துவிட்டு, "தினமும் இப்படி நீவி விடு, கூராயிடும்" என்பார். அப்போது மிளகின் கையில் எந்தப் போனும் இல்லை. போனைக் குறை சொல்கிறவர்கள் இதையும் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பதின்மூன்று வயதில் அவளுக்குப் போன் கொடுத்தது நான். வேறு போன் மாற்றிக்கொண்ட ஒருவர் என்னிடமே விட்டுப்போனது. பேட்டரி மாற்றினேன், திரை மாற்றினேன், முன்பக்கக் கேமராவும் மாற்றினேன். இங்கே என் தொழிலில் ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். இந்தப் போன்களில் முகத்தை மெழுகி, மூக்கைக் கூராக்கித் தரும் ஒரு வசதி உண்டு. அதற்கு 'அழகு' என்றே பெயர் போட்டிருப்பார்கள். கேமராவின் அமைப்புகளுக்குள் தேடிப் போனால் சைபரிலிருந்து பத்து வரை ஒரு கோடு இருக்கும், விரலால் நகர்த்தலாம். புதுக் கேமரா மாட்டினால் நாங்கள் முதலில் அதைச் சைபருக்குக் கொண்டுவருவோம். அது ஓடிக்கொண்டிருந்தால் கேமரா சரியாகக் குவிகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நான் என் முகத்தைத்தான் காட்டிப் பார்ப்பேன். மூக்குத் தோலில் இருக்கிற ஒவ்வொரு நுண்துளையும் தெரிந்தால் கேமரா சரி. பார்த்து முடித்ததும் கோட்டை மறுபடி எட்டுக்குத் தள்ளிவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும். தள்ளாவிட்டால் மறுநாள் காலையில் வந்து, நீ போட்டது மட்டமான கேமரா என்று சண்டை பிடிப்பார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது கைப்பழக்கம். மிளகின் போனிலும் என் கை தானாக எட்டுக்குத் தள்ளியது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

கடையிலேயே உட்கார்ந்து தன்னை முதல் படம் எடுத்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நான் இவ்ளோ நல்லாவா இருக்கேன்?"

"இல்லாம?" என்றேன், தலையை நிமிர்த்தாமல். கையில் சூடான சால்டரிங் கம்பி இருந்தது.

அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

போன் கையில் வந்ததும் இணையத்தில் வீடியோ போட அவள் ஒரு பக்கம் தொடங்கினாள். 'கழற்றி மாட்டு' என்று பெயர். இஸ்திரிப் பெட்டி, கடிகாரம், பழைய ரேடியோ என்று எதையாவது பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டி, மறுபடி மாட்டுவாள். முதல் வருஷம் அதில் அவள் கை மட்டும்தான் தெரியும். ஐம்பது பேர், அறுபது பேர் பார்ப்பார்கள். அவளுக்கு அதுவே பெருமை. ஒருநாள் ஹேர் டிரையரை மாட்டி முடித்த சந்தோஷத்தில் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, "மாட்டியாச்சு" என்று சிரித்தாள். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டவர்கள் ஏழு பேர். முகத்தைப் பற்றிச் சொன்னவர்கள் முந்நூறு பேர். என்ன கண்ணு, என்ன மூக்கு என்று எழுதியிருந்தார்கள். மூக்கு. பதின்மூன்று வருஷம் பிடித்து நீவப்பட்ட பிள்ளை அதைப் படித்தால் என்ன ஆகும்?

அதன் பிறகு வீடியோவில் முகம் வளர்ந்தது, இயந்திரம் தேய்ந்தது. மூன்றாவது வருஷம் ஆறாயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். போனுக்கு முன்னால் அவள் புலி. போனை வைத்துவிட்டால் வேறு ஆள். நேரில் யாராவது பேசினால் கை தானாக மேலே போய் மூக்கை மறைக்கும். வீட்டுக் கண்ணாடி சரியில்லை, ரசம் போய்விட்டது என்று சொல்லி, தலை வாருவதற்குக்கூடப் போனைத்தான் சாய்த்து வைத்துக்கொள்வாள். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு சின்னப் பெண் வந்து, "நீங்க 'கழற்றி மாட்டு' அக்காவோட தங்கச்சியா?" என்று கேட்டிருக்கிறாள். மிளகு ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கடையில் அதை என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

பதினாறு வயதில் அந்தப் போன் மாடிப்படியில் விழுந்து முன்பக்கக் கேமரா உடைந்தது. வேறு கேமரா போட்டேன், கோட்டைச் சைபருக்குக் கொண்டுவந்து என் முகத்தைக் காட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரில் விழுந்த போனோடு ஒருவர் ஓடி வந்தார். அந்த அவசரத்தில் எட்டுக்குத் தள்ள மறந்து, அப்படியே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"சித்தி, நீ போட்ட கேமரா தப்பு."

"ஏன், என்ன?"

"முகத்தை என்னென்னவோ பண்ணுது. மூக்கைப் பெருசாக் காட்டுது. கன்னமெல்லாம் திட்டுத் திட்டா இருக்கு. என்னால வீடியோவே போட முடியல. நல்ல கேமராவாப் போடு."

போனை வாங்கினேன். திரையில் அவள் முகம் இருந்தது. அவள் முகமேதான். மேடும் உருண்டையுமாக, என் அப்பாவின் மூக்கு, என் மூக்கு. எனக்குச் சங்கதி புரிந்துவிட்டது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கண்ணில் தண்ணீர் நிற்கிற பிள்ளையிடம், உன் முகம் இதுதான்டி என்று எப்படிச் சொல்வது? சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். ஆகவே எல்லா வாடிக்கையாளருக்கும் செய்வதையே அவளுக்கும் செய்தேன். திரும்பி உட்கார்ந்து, லென்ஸைத் துடைக்கிற மாதிரித் துடைத்து, கோட்டை எட்டுக்குத் தள்ளினேன்.

"தூசிதான். இப்பப் பாரு."

பார்த்தாள். மூச்சு விட்டாள்.

"ம்... இப்பதான் நான் மாதிரி இருக்கேன்" என்றாள்.

அவள் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அது சும்மா சொன்னதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு இன்னொரு நாளைக்கு ஆனது.

அந்த மாதமே அவள் தொழில்நுட்பப் பயிலகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். கனரக இயந்திரங்களைப் பழுது பார்க்கப் படிப்பிக்கும் இடம். கட்டணம் கிடையாது, தங்க இடமும் உண்டு, நூற்றியிருபது பேருக்குத்தான் இடம். வருஷத்துக்கு ஒரே ஒரு நுழைவுத் தேர்வு. பதினேழு வயது முடிந்திருந்தால் விண்ணப்பிக்கவே முடியாது, அவளுக்கு முடிய நான்கு மாதம்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்து அவள் கேட்ட ஒரே இடம் அது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். விண்ணப்பத்துக்குப் போனிலேயே படம் எடுத்து ஏற்றச் சொல்லியிருந்தார்கள். எடுத்து ஏற்றினாள்.

தேர்வு நாளன்று அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு போனேன். பத்து மணிக்குத் தேர்வு, பத்துக்கு வாசல் கதவை மூடிவிடுவார்கள். ஒன்பதரைக்கு வரிசையில் எங்கள் முறை வந்தது. போனுக்கு உள்ளே அனுமதி இல்லாததால் அதை என் பையில் போட்டுவிட்டு அவள் முன்னால் போய் நின்றாள். நான் கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே நின்றேன். வாசலில் ஒரு கம்பத்தில் கேமரா. விண்ணப்பத்துப் படமும் வந்திருக்கும் முகமும் ஒன்றா என்று அது பார்க்கும். ஒன்றென்றால் பச்சை விளக்கு. முன்னால் போனவர்களுக்கெல்லாம் பச்சை. மிளகுக்குச் சிவப்பு. மறுபடி நில் என்றார்கள். மறுபடி சிவப்பு. மூன்றாம் தடவையும் சிவப்பு எரிந்ததும் காவலாளி அவளை ஓரத்து மேஜைக்கு அனுப்பினார்.

மேஜையில் மேற்பார்வையாளர் ஒரு அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். கணினியில் இருந்த படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு வரலையா?"

"அது நான்தான் மேடம்."

"உங்க அக்காவா? அக்காவுக்குப் பதிலா எழுத வந்தியா?"

மிளகின் கை மூக்குக்குப் போனது. பாதி வழியில் நின்றது. பேருந்து நிறுத்தம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், எனக்கும் வந்தது.

"எனக்கு அக்கா கிடையாது" என்றாள்.

"வேற அடையாள அட்டை இருக்கா?"

பள்ளி அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதிலும் அந்தக் கூர் மூக்குதான். நூலக அட்டையைக் கொடுத்தாள். அதிலும் அதுதான். எல்லா இடத்திலும் போனில் எடுத்த படத்தைத்தானே கேட்கிறார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளையிடம் தன் முகம் போட்ட ஒரு காகிதம்கூட இல்லாமல் போயிருந்தது. மேற்பார்வையாளர் இரண்டு அட்டைகளையும் கணினிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, "மூணுமே உன் அக்காதான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார்.

மிளகு திரும்பி என்னைத் தேடினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். காவலாளி ஏதோ சொன்னார், காதில் வாங்கவில்லை.

"மேடம், இந்தப் படத்தைக் கெடுத்தது நான்" என்றேன். "நான் போன் மெக்கானிக். இவ போன்ல முகத்தைத் திருத்துற வசதியைப் போட்டுவிட்டது நான்தான். மூணு வருஷமா ஓடிட்டு இருக்கு. இவளுக்கு அது தெரியாது."

"தெரியாதா?" என்று கேட்டது மேற்பார்வையாளர் அல்ல, மிளகு.

"அன்னைக்குத் தூசின்னு சொன்னேனே, அது தூசி இல்ல" என்றேன். "கேமரா சரியாத்தான் இருந்துது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மேற்பார்வையாளர் நம்பவில்லை. போன் என் பையில்தான் இருந்தது. எடுத்து, கேமராவைத் திறந்து, கோட்டைச் சைபரில் வைத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பார்த்தார். பிறகு எட்டுக்குத் தள்ளினேன். கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம் போனது, கன்னத்து மச்சம் போனது, பத்து வயது போனது. அவர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். காவலாளியும் எட்டிப் பார்த்தார். "போதும், எடுங்க" என்று மேற்பார்வையாளர் சொல்வதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிட்டது, எங்களிடம் இருந்ததோ இருபது நிமிடம்தான்.

"நீங்க இவளோட அம்மாவா?" என்றார்.

"சித்தி."

என் மூக்கைப் பார்த்தார், அவள் மூக்கைப் பார்த்தார். "அது பார்த்தாலே தெரியுது" என்றார். பிறகு வெள்ளைக் காகிதத்தில் மூன்று தடவை கையெழுத்துப் போடச் சொல்லி விண்ணப்பத்துக் கையெழுத்தோடு ஒப்பிட்டார். அசல் அதேதான். கையெழுத்துக்கு எவனும் இன்னும் கோடு வைக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போடு. இங்கேயே புதுப் படம் எடுத்துட்டு உள்ள விடறேன். சீக்கிரம்."

மிளகு படித்தாள். நானும் எட்டிப் படித்தேன். 'விண்ணப்பத்தில் உள்ள படம் என்னுடையது அல்ல. வேறொருவர் படம் தவறுதலாக ஏற்றப்பட்டது' என்று அச்சடித்திருந்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் போட மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"இது பொய். படத்துல இருக்கிறது வேற யாரும் இல்ல. நான்தான்."

மணி ஒன்பது ஐம்பது. "போடுடி, கையெழுத்துத்தானே. உள்ள போ முதல்ல" என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"நீ இன்னொரு தூசி சொல்லாத சித்தி."

குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் மூன்று வருஷமாகக் கேட்டதில்லை. கை மூக்கில் இல்லை, இரண்டு கையும் மேஜை மேல் இருந்தன.

"மேடம், நான் யாரையும் ஏமாத்தல. அந்தப் படத்தை எடுத்தது நான், அப்ப நான் அதுல இருக்கிற மாதிரிதான் இருக்கேன்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்ப அது நான் இல்லைன்னு எழுதிக் கொடுத்தா, வேற ஒருத்தி படத்தைப் போட்டுட்டு வந்தவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். என்ன நடந்துதோ அதை எழுதித் தரேன். அதுக்குக் கீழ எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடறேன்."

"அதுக்கு இங்க படிவம் இல்லையே."

"பின்பக்கம் காலியா இருக்கு" என்றாள்.

காவலாளி சிரித்துவிட்டார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை, ஆனால் போனை எடுத்துத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மிளகு படிவத்தைத் திருப்பிப் போட்டு எழுதத் தொடங்கிவிட்டாள். நான் பக்கத்தில் நின்று எட்டிப் படித்தேன். 'விண்ணப்பத்தில் இருப்பது என் படம். என் போனில் முகத்தை மாற்றும் வசதி எனக்குத் தெரியாமல் இயங்கியிருக்கிறது. கண், வாய், காது என்னுடையவை. மூக்கு என்னுடையது அல்ல. என் மூக்கு நேரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.' கீழே கையெழுத்து.

மேற்பார்வையாளர் அதை மேலதிகாரிக்குப் படித்துக் காட்டினார். கடைசி வரியைப் படிக்கும்போது அவர் வாய் கொஞ்சம் கோணியது. மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "சரி சார்" என்று வைத்துவிட்டு, கம்பத்துக் கேமராவுக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னார். நின்றாள். கன்னத்துத் திட்டுகளும் மூக்கு மேடுமாகப் படம் விழுந்தது. அதைப் பதிந்துவிட்டு மறுபடி நிறுத்தினார்கள். பச்சை எரிந்தது.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு உள்ளே ஓடினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

தேர்வு முடிந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தாள். மறுநாள் கடைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்று வாரம் அப்படியே போனது. இதற்குள் சங்கதி உறவு வட்டத்தில் சுற்றி வந்துவிட்டது. அவளுடைய அத்தை அக்காவுக்குப் போன் போட்டு, "அப்பவே சொன்னேன், போனைப் பிடுங்கி வை" என்றாராம். அக்கா வேலை முடிந்து களைத்து வந்து என் கடையில் உட்கார்ந்து, "போனைப் பிடுங்கிடவா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. "போனைப் பிடுங்கினா அந்த அத்தை வாயை யாரு பிடுங்குறது?" என்றேன். "என் கையை யாரு பிடுங்குறது? கோட்டைத் தள்ளினது நான்." அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

முடிவு வந்த அன்று மத்தியானம் மிளகு கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"கெடைச்சிருச்சு. அறுபத்து மூணாவது இடம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்திருக்கப் போனேன். கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"சேர்க்கைக்குப் புதுப் படம் கேட்கிறாங்க. நீதான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி அந்தக் கோடு எங்க இருக்குன்னு காட்டு."

காட்டினேன். தானே விரலை வைத்துச் சைபருக்கு இழுத்தாள். அதிலிருந்த தன் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். முகம் சுளித்தாள், பிறகு இயந்திரத்தைப் பார்ப்பது போல இன்னொரு தடவை உன்னிப்பாகப் பார்த்தாள்.

"உன் போனைக் கொடு" என்றாள் திடீரென்று.

கொடுத்தேன். என் கேமராவைத் திறந்தாள். கோடு ஒன்பதில் இருந்தது.

நாற்பத்தொரு வயது, பதினேழு வருஷத் தொழில், அந்தக் கோடு என்ன செய்யும் என்று இந்தத் தெருவில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள். கடைப் பலகையில் இருக்கும் என் படமும் அப்படி எடுத்ததுதான்.

"உனக்கும் எனக்கும் ஒரே மூக்கு" என்றாள். "அத்தை இழுத்துவிடும்போதெல்லாம், சித்திக்கும் இதே மூக்குதானே, சித்தி எவ்ளோ தைரியமா இருக்குன்னு நினைச்சுக்குவேன். நீ என்னடான்னா என்னோடதை எட்டுல மறைச்சுட்டு, உன்னோடதை ஒன்பதுல வச்சிருக்க."

மேஜை மேல் இருந்த ஸ்க்ரூக்களை நான் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டேன். அவள் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை.

"தப்புதான்டி" என்றேன். "முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. என் போனிலும் கோட்டைச் சைபருக்கு இழுத்துவிட்டு மேஜையைச் சுற்றி உள்ளே வந்தாள், என் முக்காலியில் பாதியை இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். "சேர்க்கைப் படம் அப்புறம். இப்பப் பக்கவாட்டுல திரும்பு. அந்தப் பக்கம். மூக்கு நல்லா விழணும்."

இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பினோம். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு மேடு, இரண்டு உருண்டை. அந்தப் படத்தை அங்கேயே உட்கார்ந்து தன் பக்கத்தில் போட்டாள். கீழே 'உற்பத்தியாளர் ஒருவரே' என்று எழுதினாள். ஒரு மணி நேரத்துக்குள் நானூறு பேர் அவளைப் பின்தொடர்வதை விட்டுவிட்டார்கள். எனக்குப் பகீரென்றது. ஆறாயிரத்தில் நானூறு என்றால் சும்மாவா?

"போகட்டும். கழற்றுறதுதானே நம்ம வேலை" என்றாள்.

சொன்னாளே தவிர, போனை இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அழகு போய்விட்டதே என்று ஒருவன் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கை மூக்குக்குப் போனது, அப்புறம் மடிக்கு இறங்கியது. படத்தை மட்டும் எடுக்கவில்லை.

சாயங்காலம் படத்துக்குக் கீழே அவளுடைய அத்தை எழுதியிருந்தார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான். 'படம் சரியா இல்லையேம்மா, மூக்கெல்லாம் ஒரு மாதிரி விழுந்திருக்கு. நல்ல கேமராவா வாங்கிக்கோ.'

மிளகு எனக்குப் படித்துக் காட்டினாள். பிறகு என்னிடம் எதுவும் கேட்காமல் பதில் எழுதினாள்.

'கேமரா நல்ல கேமராதான் அத்தை. சித்தி போட்டது.'